கொடுவா அறுத்த கை

கண்ணு, நேற்று நீ கோபத்தில் போனை வைத்தபோது, நான் சொல்ல எடுத்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. பேச்சில் எனக்கு எப்போதும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்குள் உன் மாமாவுக்கு ஒரு நல்ல நாளைக் கொடுக்க நினைத்தாய். கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றில் கொடுவா மீன் பிடிக்கும் பயணம், படகும் தூண்டிலும் வழிகாட்டியும் அவர்களே, மதியச் சாப்பாடும் உண்டு என்று படத்தோடு எனக்கு அனுப்பினாய். மூன்று பேருக்கு இடம் சொல்லி வைத்துவிட்டு மாமாவைக் கேட்டாய். அவர் "எனக்கு வாணாம்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைக் கேட்டாய், நான் பேசாமல் இருந்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் சந்தோஷமா இருக்கவே தெரியாது" என்றாய். அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. காரணம் தெரியாதவன் அப்படித்தான் சொல்வான்.

மாமாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாய். மீன் பிடிக்கும்போது தூண்டில் நரம்பு அறுத்தது என்பதும் தெரியும். உன் அத்தை கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிப்பாளே: "இவன் அம்மாக்காரி மீனைக் கண்டு பயந்து கத்துனா, இவுரு ஓடிப்போய் புடிச்சாரு, வெரலு ரெண்டும் போச்சு. பயந்தாங்கொள்ளியைக் கூட்டிக்கினு போனா இப்டித்தான்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிற்று. ஆனால் அந்தக் கதையில் பாதிதான் உன் அத்தைக்குத் தெரியும். உன் மாமாவுக்கும் பாதிதான்.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சனம் ரோட்டுக்கு வந்த சமயம். எனக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்று, வீட்டில் மாடு பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியாள் யாராவது வந்து "அப்பா இருக்காராம்மா?" என்று கேட்டால்கூட பதில் சொல்லாமல் உள்ளே ஓடிவிடுவேன். என் அண்ணன், அதான் உன் மாமா, கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தார். எங்கள் பக்கத்திலேயே முதல் காலேஜ் பையன். மறியல் தொடங்கியதும் விடுதியை மூடிவிட்டார்கள், ஊருக்கு வந்தார். தியாகதுருகம் தாண்டிப் போகும் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்த கூட்டத்தில் அவரும் இருந்தார். அந்த நாட்களில் நடந்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மரங்களின் நிழலில்தான் நாங்கள் பஸ்ஸுக்கு நிற்போம். ஆனால் வீட்டில் ஒரு பையனைப் படிக்க வைத்துவிட்டு, அவன் படிப்புக்கு எங்கேயும் கதவு திறக்காமல் நிற்பதைப் பார்த்தவர்களின் கோபமும் எனக்குத் தெரியும்.

மறியல் முடிந்த பிறகுதான் பயமே தொடங்கியது. போலீஸ் ஊர் ஊராக வந்தது. அங்கே சுட்டார்கள், இங்கே அள்ளிக்கொண்டு போனார்கள் என்று தினம் ஒரு செய்தி. அதில் ஒன்று எங்கள் வீட்டை உலுக்கிவிட்டது. பையன்களை நிறுத்தி உள்ளங்கையைப் பார்க்கிறார்களாம். நம் பக்கத்தில் விவசாயம் பண்ணுகிறவன் கை காய்த்துத் தோல் மரத்துப்போயிருக்கும். அவன் கோடாலி பிடித்தானா மண்வெட்டி பிடித்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. பேனா பிடித்த கைதான் கோடாலி பிடித்ததும் கொப்புளித்துவிடும். உன் மாமாவின் இரண்டு உள்ளங்கையிலும் விரல்களுக்குக் கீழே வரிசையாகக் கொப்புளங்கள். சில உடைந்து சிவப்பாக இருந்தன. கட்டுப் போட்டால் கட்டே காட்டிக்கொடுக்கும். சோறு சாப்பிட்டதும் கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஊர்ப் பையன்கள் எல்லாரும் கல்வராயன் மலைக்கு ஓடினார்கள். போலீசும் பின்னாலேயே மலை ஏறியது. உன் தாத்தா மட்டும் எதிர்ப்பக்கம் யோசித்தார். கள்ளக்குறிச்சியில் நாங்கள் மல்லாட்டைக் கடலை மூட்டை போடும் மண்டிக்காரர் ஒரு பாய். அவருக்குக் கடற்கரையில் கருவாட்டு வியாபாரம் உண்டு, சரக்கு அடுக்கிவைக்க ஒரு கிட்டங்கி உண்டு. வருஷத்தில் சில நாள் அங்கே படகு எடுத்துக் கொடுவா பிடிக்கப் போவார். தூண்டில் பைத்தியம். "மீனு புடிக்கப் போற மாதிரி போங்க. புள்ளையைக் கிட்டங்கியில வுட்டுட்டு வந்துடுங்க. கை ஆறற வரைக்கும் அங்கியே இருக்கட்டும்" என்று அவர்தான் சொன்னார். தன் கார், தன் டிரைவர், தன் பெயரில் படகு. இன்றைக்கு நீ விரலால் தடவி இடம் பிடித்தாய். அன்றைக்கு அவர் கடை போனில் டிரங்க் கால் சொல்லிவிட்டு, மணி அடிக்கும் வரை தாத்தா கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

படகுக்காரர் எந்த நாள் என்று கேட்டிருக்கிறார். தாத்தா, "அமாவாசை அன்னிக்கு வெச்சிடுங்க பாய், நெறைஞ்ச நாளு" என்றாராம். விதைப்பதானாலும் மாடு பிடிப்பதானாலும் அவருக்கு அமாவாசைதான். பாய் போனைக் கையால் மூடிக்கொண்டு, "அன்னிக்குத் தண்ணி ஜாஸ்தியா இழுக்குமாம், வத்துனா சேறு தட்டிடுமாம். வேற நாள் வெச்சிக்கலாமான்றான்" என்றிருக்கிறார். "ஏரியில தண்ணி எங்க பாய் இழுக்குது? அவன் பயமுறுத்துறான். காரியம் நல்லபடியா முடியணும்னா நெறைஞ்ச நாளுதான்" என்று தாத்தா முடித்துவிட்டார். கடல் தண்ணீர் நிலவைப் பார்த்து ஏறி இறங்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர், மழை பெய்தால் ஏறும், வெயில் அடித்தால் வற்றும்.

என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று நீ கேட்பாய். "பொட்டப்புள்ள கூட இருந்தா வண்டியைத் துருவ மாட்டாங்க" என்றார் தாத்தா. என் அம்மா, "அது வாயைத் தொறந்து பேசாது, அதைப் போயி இட்டுக்கினு போறியே" என்றாள். "பேச வாணாம். சும்மா குந்திக்கினு வரட்டும்." அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. விடியற்காலையில் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டும் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் மரம் வெட்டிய அடிக்கட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. மாமா ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. திருநாவலூர் தாண்டி ஓர் இடத்தில் போலீஸ் நிறுத்தியது. ஒருவர் குனிந்து என்னைப் பார்த்தார், டிரைவர் பாயின் பெயரைச் சொன்னார், விட்டுவிட்டார்கள். தாத்தா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

படகு கிளம்பப்போகும் நேரம். கைலியும் பனியனுமாக ஒருவர், இறால் உயிரோடு துள்ளும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களோடு ஏறினார். படகுக்காரர் சாதாரணமாகச் சொன்னார், "நம்ம ஏட்டய்யா. லீவு கெடைச்சா வந்துடுவாரு. படகுல எடம் கீது, உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?" தாத்தாவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். இறங்க முடியாது. இறங்கினால் ஏன் என்று கேட்பார்கள். "வரட்டும், வரட்டும், அதுக்கென்னங்க" என்றார். மாமா கையைத் துண்டுக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டார். ஏட்டு என் எதிரில் உட்கார்ந்து, "பந்தோபஸ்து, பந்தோபஸ்துன்னு தூங்கியே எத்தினி நாளாச்சு. இன்னிக்கு எவன் கூப்ட்டாலும் போறதில்ல" என்று காலை நீட்டினார். பிறகு, "எந்த ஊருங்க?" என்றார்.

"கள்ளக்குறிச்சிங்க. மண்டி பாய் கடையில கீறோம்."

"அந்தப் பக்கம் மரமெல்லாம் சாஞ்சி கெடக்குதே."

"கெடக்குதுங்க. நாங்க கடையை வுட்டே வெளிய வரலீங்க."

"தம்பி யாரு?"

"நம்ம பையன். கணக்கு எழுதுறான்."

ஏட்டு மாமாவைப் பார்த்துச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் நீ அழுதிருப்பாய்.

காலை முழுக்க அலையாத்திச் செடிகளின் ஓரமாகவே போனோம். தூண்டில் என்றால் நீ அனுப்பிய படத்தில் இருப்பதுபோல் குச்சியும் சக்கரமும் இல்லை. மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, முள், முள்ளில் உயிர் இறால். நரம்பைக் கையில் பிடித்து உட்கார வேண்டும். படகுக்காரர் விரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டியிருந்தார். "கொடுவா இழுத்தா வெறுங்கையால புடிக்காதீங்க. கட்டையைப் புடிச்சு வுட்டு வுட்டு இழுக்கணும். வெறுங்கையில புடிச்சா வாழைத்தண்டு மாரி அறுத்துடும்" என்று எல்லாருக்கும் சொன்னார். எனக்கும் ஒரு கட்டையைக் கொடுத்தார். மாமாவுக்குக் கொடுத்தபோது, "தல சுத்துது" என்று வாங்கவில்லை. அப்போதே ஏட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மதியத்துக்குமேல் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மழையும் இல்லை, வெயிலும் பெரிதாக இல்லை. யாரோ எங்கேயோ மடையைத் திறந்துவிட்டதுபோல ஆறு கடலைப் பார்த்து ஓடியது. படகுக்காரர் வேகமாகத் தள்ளிப்பார்த்தார். படகு சேற்றில் தட்டி நின்றது. "அமாவாசைத் தண்ணி. அன்னிக்கே சொன்னேன்" என்று தாத்தாவைப் பார்த்தார். தாத்தா நெற்றியைத் தடவிக்கொண்டார். ஆளுக்கு ஒரு கை கொடுத்துக் கழியால் உந்தினால் பக்கத்து ஓடைக்குள் இறக்கிவிடலாம் என்றார் படகுக்காரர். எல்லாரும் கழியைப் பிடித்தார்கள். மாமாவும் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு உந்தில் அவர் முகம் கோணியது, கையை விட்டுவிட்டார். படகு ஓடைக்குள் இறங்கி, ஒரு ஆழமான மடுவில் நின்றது. அதற்கு மேல் வழி இல்லை. தண்ணீர் திரும்பி ஏறும் வரை அங்கேயே கிடக்க வேண்டும். ஐந்து பேர், ஒரு சின்னப் படகு, சுற்றிலும் சேறு.

ஏட்டு உடனே எதுவும் கேட்கவில்லை. அதுதான் எங்களைக் கொன்றது. பீடி பற்றவைத்தார், கழியைப் பார்த்தார். கழியில் ஈரமாக ஒரு கறை இருந்தது. தண்ணீர் இல்லை அது. கொப்புளம் உடைந்த கறை. பீடி முடிந்ததும், "தம்பி, கையில இன்னா?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாத கையைத் துண்டுல சுத்தி வெச்சிக்கினு கீற?"

"மூட்டை தூக்குனானுங்க" என்றார் தாத்தா.

"கணக்கு எழுதுற பையன்னு சொன்னீங்க?" ஏட்டு சத்தம் போடவில்லை. சிரிக்கவும் இல்லை. "காட்டு தம்பி, பாக்கலாம்."

கண்ணு, இனி எழுதுவதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே என் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அடியில் ஏதோ ஒன்று இறாலை வாயில் வைத்துப் பார்த்தது, விட்டது, மறுபடி வைத்தது. இழுத்தால் சொல்லு என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறக்க எனக்குக் கூச்சம், அதனால் சொல்லவில்லை. ஏட்டு "காட்டு" என்றபோது அது கவ்வியது. கட்டை என் கையில் உருள ஆரம்பித்தது. நான் பயப்படவில்லை. நம்பு. கட்டையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன், அது நின்றது. என்னால் அந்த மீனை எடுத்திருக்க முடியும். வெறுங்கையில் பிடித்தால் அறுத்துவிடும் என்று காலையில் சொன்னது என் காதில் ஒலித்தது. துண்டு அவிழ்ந்துகொண்டிருந்த மாமாவின் கையைப் பார்த்தேன். காலைத் தளர்த்திக் கட்டையைப் படகுக்குள் போட்டுவிட்டு, "அண்ணா, புடி, புடி, போவுது" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

மாமா யோசிக்கவில்லை. ஓடும் நரம்பை இரண்டு வெறுங்கையாலும் பிடித்தார். கொடுவா மடுவைச் சுற்றி ஓடியது, ஒரு தடவை தண்ணீருக்கு மேலே எழும்பி வெள்ளியாக விழுந்தது. மாமா விடவில்லை. நரம்பு வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது, அதுதான் விரலை அறுத்தது. படகுக்காரர் பாய்ந்து நரம்பை வாங்கி மீனை இழுத்துப்போட்டார். என் இடுப்பு உயரம் இருக்கும். படகெல்லாம் ரத்தம். மீனுடையது எது, மாமாவுடையது எது என்று தெரியவில்லை. ஏட்டு மாமாவின் கைகளைப் பிடித்து உப்புத் தண்ணீரில் கழுவினார். மாமா அலறினார். இரண்டு உள்ளங்கையும் கிழிந்து கிடந்தன. கொப்புளம் இருந்த இடம், நரம்பு அறுத்த இடம், எல்லாம் ஒரே சதை. ஏட்டு வெகுநேரம் பார்த்தார். தாத்தா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏட்டு தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். முடிச்சுப் போடும்போது, "யாரு கேட்டாலும் கொடுவா அறுத்துச்சுன்னு சொல்லு. ஒரு ஏட்டு கண்ணால பாத்தாருன்னு சொல்லு" என்றார். என் பக்கம் திரும்பி, "பாப்பா நல்லா மீனு புடிக்குது" என்றார். தாத்தா சிரித்துவிட்டார். பயம் விட்டுப்போன சிரிப்பு. மீனை விட்ட பெண்ணைக் கேலி பண்ணுகிறார் என்று அவர் நினைத்தார். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். ஏட்டு சிரிக்கவில்லை.

தண்ணீர் ஏறிக் கரைக்கு வந்ததும், கிட்டங்கியில் மாமாவை விடத் தாத்தாவுக்கு மனம் வரவில்லை. ஏட்டு வந்துபோகும் இடம், கையோ ஆஸ்பத்திரி கேட்கிறது. திரும்பினோம். கடலூரில் தையல் போட்டுக்கொண்டு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் நிறுத்திய அதே இடத்தில் வேறு ஆட்கள். டார்ச்சை மாமாவின் மேல் அடித்து, "இன்னாடா கட்டு? அவுரு அதை" என்றார் ஒருவர். தாத்தா வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. நான்தான் சொன்னேன். "கொடுவா அறுத்துச்சுங்க. டிக்கியில கீது, பாருங்க. ஏட்டய்யாதான் கட்டுப் போட்டாரு." திறந்தார்கள். மீன் வாயில் முள் அப்படியே இருந்தது, நரம்பில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த ஆள் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போ, போ" என்றார்.

மாமா அந்த வருஷப் பரீட்சை எழுதவில்லை. பேனா பிடிக்க இடது கையைப் பழக்கினார். பின்னால் ஒதுக்கீடு வந்தது, வேலையும் வந்தது. நீ படித்ததும் அந்த வழியில்தான். ஆனால் அந்தப் பையன்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் மாமா படகு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தான் ஒரு மீனால் தப்பித்தோம், தங்கச்சியின் பயத்தால் தப்பித்தோம், அதில் தன் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்று ஒரு கூச்சம் அவருக்கு. நான் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் இரண்டு விரலை நான் எடுத்ததாக ஆகிவிடும். எடுத்தது நான்தான். இன்றைக்கு அந்தப் படகில் உட்கார்ந்தாலும் அதையேதான் செய்வேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இத்தனை காலம் வாய் வரவில்லை.

நீ போகும் ஊரில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன்னைச் சுற்றி இருப்பவர்களில் வாயே திறக்காத ஆள் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதே.

நீ பதிந்திருக்கும் நாளைக் காலண்டரில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று எடுத்திருப்பாய். அது அமாவாசை. போன் பண்ணி நாளை மாற்று. வழிகாட்டியிடம் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கேள். படகில் நம்மைத் தவிர வேறு யார் வருகிறார்கள் என்றும் கேட்டுவிடு. மூன்று இடமும் அப்படியே இருக்கட்டும். மாமாவை அழைத்துவருவது என் பொறுப்பு. நடந்ததைக் கரையில் சொல்ல மாட்டேன், படகில் ஏறின பிறகு சொல்கிறேன். கோபித்துக்கொண்டு அவர் இறங்கிப் போக முடியாது பார். எனக்கும் ஒரு தூண்டில் வாங்கு. இந்தத் தடவை மீன் கவ்வினால், எவ்வளவு பெரிதானாலும், நான் யார் கையிலும் கொடுக்கப்போவதில்லை.